புகார் எண் கொடுத்தேன், மூச்சைப் பற்றிச் சொல்லவில்லை



இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதினால் எங்கள் தெருவுக்கு இன்னொரு கெட்ட பெயர் வரும் என்று வீட்டில் சொன்னார்கள். எழுதாவிட்டால் இன்னொரு பிள்ளை போய்விடும் என்று எனக்குப் பட்டது. கடைசியில் அவன் அம்மாவிடமே போய்க் கேட்டேன். அகல் விளக்குக்குச் சாயம் தீட்டிக்கொண்டிருந்தவர் தூரிகையைக் கீழே வைக்காமலே சொன்னார்: “அவன் பேரு மட்டும் போடாத. மத்தத எல்லாம் எழுது.”

அதனால் அவனை ‘அவன்’ என்றே எழுதுகிறேன். பதினொன்றாம் வகுப்பு. கால்பந்து நன்றாக ஆடுவான். என்னை அக்கா என்று கூப்பிடுவான்.

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில்வே ஜங்ஷன் தெரியும், பழமலைநாதர் கோயில் தெரியும். கார்த்திகை தீபத்துக்கும் கொலுவுக்கும் பொருள் வாங்குகிறவர்களுக்கு எங்கள் பீங்கான் தெரியும். இங்கே பீங்கான் தொழிலுக்கென்று தொழிற்பேட்டை இருக்கிறது, செராமிக் படிப்புக்கென்று அரசு நிறுவனம் இருக்கிறது. களிமண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றி, காய வைத்து, பூச்சு கொடுத்து, சூளையில் சுட்டு எடுத்தால் பொம்மை. அந்தச் சூளையில் பல வருஷம் வேலை செய்தவர் என் அப்பா. அவருடைய இருமல் சத்தத்தில்தான் நான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன்.

அப்பா வேலை விட்டு வரும்போது சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். உடம்பு வலிக்கு ‘ஒரு செட் மாத்திரை’. எந்த மாத்திரை, எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, கடைக்காரரும் சொன்னதில்லை. போட்டால் வலி போகும், மறுநாள் வேலைக்குப் போகலாம், அவ்வளவுதான். பிற்பாடு எம்.ஏ. சமூகவியல் வகுப்பில் உழைப்பு, உடல், சாதி என்று பேராசிரியர் பலகையில் எழுதியபோது எனக்கு அந்தக் காகிதப் பொட்டலம்தான் ஞாபகம் வந்தது. வலி மாத்திரை எங்கள் தெருவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த தீமை இல்லை. எங்கள் உழைப்போடு சேர்ந்தே வந்தது. அப்பன் வேலைக்குப் போவதற்காகப் போட்டதையே பிள்ளை வேறு காரணத்துக்குத் தேட ஆரம்பித்தபோது, வீட்டில் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

இப்போது தமிழ்நாட்டில் போலீஸ் பிடிக்கும் ‘போதை மாத்திரை’ செய்திகளில் அடிக்கடி வருகிற பெயர் டேபென்டடால். கடுமையான வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்து. இதற்கு முன்னால் டிரமடால் என்ற பெயர் அடிபட்டது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. இரண்டுமே ஓபியாய்டு வகை, அதாவது அபின், மார்ஃபின், ஹெராயின் செய்கிற வேலையை மூளையில் செய்பவை. பையன்களுக்கு இது தெரியாது. “ஹெராயின் எல்லாம் பெரிய எடம்க்கா, இது வெறும் வலி மாத்திர” என்றுதான் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

போன கார்த்திகைக்கு மூன்று வாரம் முன்னால் அவன் படித்த பள்ளியில் நான் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினேன். 2022 ஆகஸ்டில் ‘போதைப்பொருள் இல்லாத தமிழ்நாடு’ பிரச்சாரம் தொடங்கியதிலிருந்து பள்ளிகளில் உறுதிமொழி எடுப்பது, மன்றம் வைப்பது எல்லாம் நடக்கிறது. எங்களைப் போன்ற தொண்டு நிறுவனத்து ஆட்களைப் பேசக் கூப்பிடுவார்கள். நானும் போனேன். கெட்டுப்போன ஈரல், நுரையீரல் படங்களைக் காட்டினேன். போதை விற்பவர்களைப் பற்றிப் புகார் சொல்ல 10581 என்ற எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதினேன். கையை நீட்டி உறுதிமொழி சொல்ல வைத்தேன். அவன் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை ராத்திரி. விளக்கு சீசன். லீவு நாளில் பையன்களும் பட்டறையில் கூலிக்கு மூட்டை கட்டப் போவார்கள். வேலை முடிந்து நான்கு பேர் பட்டறைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வலி மாத்திரை, கூடவே தூக்க மாத்திரை, கொஞ்சம் சாராயம். ஒன்பதரை மணிக்கு அவன் சாய்ந்துவிட்டான். மற்றவர்கள் எழுப்பிப் பார்த்தார்கள். எழவில்லை. ஆனால் குறட்டை விட்டான். “நல்லா தூங்குறான்” என்று விட்டுவிட்டார்கள். பத்தரைக்குக் குறட்டை நின்றது. முகத்தில் தண்ணீர் அடித்தார்கள், வாயில் எலுமிச்சைச் சாறு ஊற்றினார்கள், இரண்டு பேர் தோளில் போட்டு நடக்க வைக்கப் பார்த்தார்கள். பிறகு பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிப் பக்கம் போனார்கள். வாசலில் போலீஸ் ஜீப் நிற்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். ஊரைச் சுற்றி இன்னொரு வழியில் வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. டாக்டர் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

தெருவில் காய்ச்சல் என்று சொன்னார்கள். வலிப்பு என்றும் சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அந்த நால்வரில் ஒருவன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான்:

“அக்கா, நீங்க ஸ்கூலுக்கு வந்தப்ப ஒரு நம்பர் எழுதிப் போட்டீங்கள்ல. அது போலீஸ் நம்பர்தான?”

“ஆமாண்டா.”

“கூட்டாளி மூச்சு வுடலன்னா என்னா பண்ணணும்னு நீங்க சொல்லலியேக்கா.”

தோழர்களே, என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் எனக்கே தெரியாது. முதுகலைப் பட்டம், பத்து வருஷக் களப்பணி, எத்தனையோ பயிற்சி முகாம். அந்தப் பையன் கேட்ட ஒரு கேள்விக்கு ஒரு வரி பதில் என் கையில் இல்லை. அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தேன். பிறகு அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் அக்காவிடம் போய்க் கேட்டேன். படித்ததையும் கேட்டதையும் எளிமையாகச் சொல்கிறேன்.

நம் மூளையின் அடிப்பகுதியில் மூச்சை ஓட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. தூக்கத்திலும் நாம் மூச்சு விடுவது அதனால்தான். ஓபியாய்டு அளவு மீறினால் அந்த இடம் மந்தமாகிவிடும். மூச்சு குறையும், பிறகு நிற்கும். தூக்க மாத்திரையும் சாராயமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக நிற்கும். மூச்சு நின்று நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும். அவன் விட்டது தூக்கத்துக் குறட்டை இல்லை, அடைபட்ட மூச்சின் சத்தம். அந்த ஒரு மணி நேரமும் அவன் செத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மூன்று நண்பர்கள் இருந்தார்கள்.

இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. பெயர் நலாக்சோன். புது மருந்து இல்லை. 1961இல் காப்புரிமை பெற்று, 1971இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய மருந்து. மூளையில் ஓபியாய்டு உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். சில நிமிடத்தில் மூச்சு திரும்பும். இதில் போதை கிடையாது. ஓபியாய்டு எடுக்காத ஆளுக்குத் தவறிக் கொடுத்தாலும் பெரிய கெடுதல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது, நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

அதற்கு எல்லையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சாராயத்தையும் தூக்க மாத்திரையையும் அது முறிக்காது. ஓபியாய்டின் பங்கை மட்டும் எடுத்துவிடும், பல நேரம் உயிர் தப்ப அதுவே போதும். அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். அது தீர்ந்ததும் மூச்சு மறுபடி அடங்கலாம். ஆகவே கண் விழித்தவனையும் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அடிமைத்தனத்தை அது குணப்படுத்தாது. அதற்குத் தனி சிகிச்சை வேண்டும். ஆனால் சிகிச்சைக்குப் போக ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே.

2014இலேயே உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓபியாய்டு அளவு மீறுவதை நேரில் பார்க்கக்கூடிய எவரிடமும், நண்பரோ குடும்பத்தாரோ களப்பணியாளரோ, இந்த மருந்து இருக்க வேண்டும், பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும் என்றது. அமெரிக்காவில் ஃபென்டனில் என்ற ஓபியாய்டு வெள்ளமாக வந்து, போதை மருந்து அளவு மீறிச் சாகிறவர்கள் 2021இல் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். 2022 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே 15 வயதுப் பெண் செத்துக் கிடந்தாள். அதே மாதம் அந்த நகரத்தின் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் நலாக்சோன் வைக்கப்படும் என்று அறிவித்தார்கள். மூக்கில் அடிக்கிற ஸ்பிரே. ஊசி போடத் தெரிய வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் மருந்துச் சீட்டு இல்லாமலே அதைக் கடையில் வாங்கலாம் என்று அனுமதித்தார்கள். நான் எங்கள் ஊரில் நான்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். மூன்று பேருக்குப் பெயரே தெரியவில்லை. நான்காமவர் “அது ஆஸ்பத்திரி மருந்தும்மா, உங்களுக்கு எதுக்கு?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

நர்ஸ் அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “மருந்து உள்ள டிரேயிலதான் இருக்கு. அத போடற நேரத்துக்குள்ள புள்ளைங்கள யாரும் கொண்டாறதில்ல.”

அந்த நேரத்தைத் தின்றது எது? போலீஸ் ஜீப். அந்தப் பையன்களுக்கு ஜீப்பைப் பார்த்தால் ஏன் கால் பின்னால் போகிறது என்று யாராவது கேட்டால், எங்கள் வட்டாரத்துக்காரர்கள் புதுக்கூரைப்பேட்டையைக் காட்டுவோம். 2003 ஜூலையில் முருகேசனையும் கண்ணகியையும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். பதினெட்டு வருஷம் கழித்து, 2021 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது விசாரணை நீதிமன்றம் குற்றவாளிகள் என்று சொன்னவர்களில் காவல்துறை அதிகாரிகள் இரண்டு பேரும் இருந்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். போலீஸ் வாசலைத் தாண்டித்தான் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அவர்கள் சுற்று வழியில்தான் போவார்கள்.

2024 ஜூனில் எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதுவும் மாற்று மருந்து உள்ள விஷம்தான், அதிலும் நேரம்தான் உயிர். முதல் சாவுகள் நடந்தபோது கள்ளச்சாராயம் காரணமில்லை என்று அதிகாரத் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. பிறகு கலெக்டர் மாற்றப்பட்டார், எஸ்.பி. இடைநீக்கம் செய்யப்பட்டார். உழைக்கிற, ஒடுக்கப்பட்ட மக்கள் தெருவில் சாவு விழும்போது முதலில் வருகிற கேள்வி ‘என்ன குடித்தாய், ஏன் குடித்தாய்’ என்பது. ‘மூச்சு இருக்கிறதா’ என்பது கடைசியில்தான் வருகிறது.

இதில் சாதி எங்கே வருகிறது என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். வசதியான வீட்டுப் பிள்ளை இதே மாத்திரையில் மாட்டினால் அவனுக்கு ‘உடம்பு சரியில்லை’. வெளியூரில் நல்ல மருத்துவமனை, இரண்டு மாதம் லீவு, திரும்பி வந்து பரீட்சை. எங்கள் தெருப் பையன் மாட்டினால் அவன் ‘போதை ஆசாமி’. டி.சி. கொடுக்கப்படும், அல்லது வழக்கு. அதற்குப் பிறகு வட்டாரத்தில் எந்தத் திருட்டு நடந்தாலும் அவன் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். மாத்திரை ஒன்றுதான். ஒருவனுக்கு நோய், இன்னொருவனுக்குக் குற்றம்.

சட்டம்கூட அப்படிச் சொல்லவில்லை. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், உட்கொண்டது, சிறிய அளவு வைத்திருந்தது போன்ற குற்றங்களுக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு. 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம், போதைக்குள் இழுக்கப்படும் ஆபத்தில் உள்ள குழந்தையை ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்கிறது. குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவனுக்குத்தான் அதன் 77ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை. 2016 டிசம்பர் 14இல் உச்ச நீதிமன்றம், பச்பன் பச்சாவ் ஆந்தோலன் தொடுத்த வழக்கில், பள்ளிக் குழந்தைகளிடையே போதைப் பழக்கம் பற்றிக் கணக்கெடுக்கவும் தேசியத் திட்டம் வகுக்கவும் பாடத்தில் சேர்க்கவும் உத்தரவிட்டது. 2019இல் சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கெடுப்பு, இந்தியாவில் ஓபியாய்டு பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி, அதில் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 77 லட்சம் என்றது. இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது. பள்ளி முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் பஞ்சும் டிங்சரும் காலாவதியான தைலமும்தான் இருக்கின்றன.

ஜனவரியில் நானும் இரண்டு தோழர்களும் ஒரு பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்தோம். நல்ல மனிதர், மரியாதையாக உட்கார வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்தினார்.

“நம்ம ஸ்கூல்ல அதெல்லாம் கெடையாதும்மா.”

“இல்லாம இருந்தா சந்தோஷம் சார். இருந்தா?”

“அந்த மருந்த வாங்கி வெச்சா, எங்க ஸ்கூல்ல போதை இருக்குன்னு நாங்களே போர்டு மாட்டின மாதிரி ஆயிடும். அப்புறம் ஊசி யார் போடறது? ஏதாவது ஆனா என் வேலை போயிடும்.”

அவர் சொன்ன கடைசி வார்த்தை நியாயம். அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆணை இல்லாமல், பயிற்சி இல்லாமல், பாதுகாப்பு இல்லாமல் ஓர் ஆசிரியரை மருந்து கொடுக்கச் சொல்ல முடியாது. ஆனால் பள்ளியில் மருந்து என்பது நமக்குப் புதிதில்லை. வியாழக்கிழமை பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை யார் கொடுக்கிறார்கள்? பூச்சி மாத்திரை யார் கொடுக்கிறார்கள்? ஆசிரியர்கள்தான். சுகாதாரத் துறை மருந்து தருகிறது, அரசு ஆணை இருக்கிறது, அதனால் செய்கிறார்கள். இதற்கும் அதே வழிதான்.

‘போர்டு மாட்டின மாதிரி’ என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் வெந்து செத்தார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையைப் பிரித்தார்கள், தீயணைப்புக் கருவியைப் பற்றிப் பேசினார்கள். இன்று பள்ளிச் சுவரில் சிவப்பு சிலிண்டர் தொங்குவதைப் பார்த்து, இந்தப் பள்ளியில் தீப்பிடிக்கும் போலிருக்கிறது என்று யாரும் டி.சி. கேட்பதில்லை. சூளைக்குப் பக்கத்தில் அப்பா எப்போதும் மணல் வாளி வைத்திருப்பார். வாளி இருக்கிற தைரியத்தில் யாரும் தீ வைத்ததில்லை. மருந்து இருந்தால் பிள்ளைகள் துணிந்து போடுவார்கள் என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். அவன் துணிச்சலால் சாகவில்லை. நண்பர்கள் பயந்ததால் செத்தான்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தோழர் சரியான கேள்வி கேட்டார். “அவன் ஸ்கூல்ல சாகலியே. பட்டறைக்குப் பின்னாடி, சனிக்கெழம ராத்திரி. ஸ்கூல் பெட்டியில மருந்து இருந்தா அவனுக்கு என்ன பிரயோஜனம்?”

இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொன்னது உண்மை. அமெரிக்காவைப் பார்த்துப் பெட்டியில் ஸ்பிரே வைத்துவிட்டால் மட்டும் நமக்கு வேலை முடியாது. ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது உள்ளே போய் உட்கார்ந்த அரசாங்கக் கட்டடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அந்த நான்கு பேரில் மூன்று பேர் அந்த வாரம் என் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளியில் கற்றுக்கொண்டது சனிக்கிழமை ராத்திரி பட்டறைக்குப் பின்னால் போகும். ஆகவே பள்ளியில் முதலில் வைக்க வேண்டியது அறிவு, அதோடு மருந்து. விடுதிகளுக்கு இது இன்னும் முக்கியம். ஆதிதிராவிடர் விடுதி போன்ற அரசு விடுதிகளுக்குப் போன வருஷம் ‘சமூக நீதி விடுதி’ என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பிள்ளை மூச்சு விடவில்லை என்றால் என்ன செய்வது என்று அங்கே இருக்கிற காப்பாளருக்குத் தெரிந்திருப்பதும் சமூக நீதிதான்.

நாங்கள் எழுதிய மனுவில் இருப்பது இவ்வளவுதான். ஒன்று, 108 ஆம்புலன்ஸ் எல்லாவற்றிலும் ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாவற்றிலும் நலாக்சோன் இருப்பு இருக்க வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி இருக்க வேண்டும். இரண்டு, மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் இரண்டு ஆசிரியர்களுக்கும், விடுதி ஒவ்வொன்றிலும் காப்பாளருக்கும் செயற்கை சுவாசமும் இந்த மருந்தும் கற்றுக்கொடுத்து, அரசு ஆணையின் பாதுகாப்போடு மருந்தைப் பொறுப்பில் கொடுக்க வேண்டும். ஊசியைவிட மூக்கு ஸ்பிரே நல்லது. மூன்று, உதவிக்குக் கூப்பிட்ட பிள்ளை மீதும் காப்பாற்றப்பட்ட பிள்ளை மீதும் வழக்கு கிடையாது, டி.சி. கிடையாது என்று எழுத்தில் வேண்டும். நான்கு, உறுதிமொழி எடுக்கிற நாளில் ஆபத்து அறிகுறிகளையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்றாவது இல்லாமல் மற்ற மூன்றும் பயன்படாது. ஜீப் வாசலில் நிற்கும்வரை பைக் சுற்று வழியில்தான் போகும்.

ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. இதைப் படிக்கிற மாணவர்கள் இன்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலுக்கிக் கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது அல்லது இல்லை, தொண்டையில் கரகரவென்று சத்தம், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது. இவைதான் அறிகுறிகள். உதடு நீலமாகும் என்று புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். நம் நிறத்துக்கு அது சட்டென்று தெரியாது. உதட்டின் உட்பக்கத்தையும் நகத்தையும் பாருங்கள், சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். உடனே 108. “மூச்சு விடவில்லை” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து நொடிக்கு ஒருமுறை வாயில் ஊதுங்கள். நாடித் துடிப்பு இல்லையென்றால் நெஞ்சை அழுத்த வேண்டும். 108இல் போனில் இருப்பவர் சொல்வதைக் கேளுங்கள். மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுத்தாலும் அடைக்காது. தண்ணீர், மோர், எலுமிச்சை எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நடக்க வைக்காதீர்கள். தனியாக விட்டுப் போகாதீர்கள். என்ன சாப்பிட்டான் என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள். பழக்கத்திலிருந்து வெளியே வர நினைக்கிறவர்களுக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. அது போலீஸ் எண் இல்லை, சிகிச்சைக்கான எண்.

மனுவை ஒரு திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தோம். ரசீது கிடைத்திருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. குறையைக் காகிதத்தில் எழுதிப் பிராது கட்டுவார்கள், நிறைவேறினால் வந்து வாபஸ் வாங்குவார்கள். அவன் அம்மா அங்கேயும் ஒரு பிராது கட்டியிருக்கிறார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. சாமியிடம் கொடுத்ததைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. அரசாங்கத்திடம் கொடுத்த பிராதை நிறைவேறும்வரை வாபஸ் வாங்க மாட்டோம்.

போன மாதம் அதே பள்ளிக்கு மறுபடி போனேன். தலைமையாசிரியர் அரை மணி நேரம் தந்தார், “மருந்து பேச்சு வேணாம், முதலுதவின்னு சொல்லிக்குங்க” என்றார். சரி என்றேன். மூச்சு நின்றால் என்ன செய்வது என்று சொல்ல அந்தத் தலைப்பே போதும். இந்த முறை ஈரல் படம் கொண்டுபோகவில்லை. என்னோடு திண்ணையில் வந்து உட்கார்ந்த அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் ஒரு சிறியவனைத் தரையில் படுக்க வைத்து, தலையைச் சாய்த்து, எப்படி ஊத வேண்டும், எப்படி ஒருக்களிக்க வேண்டும் என்று செய்து காட்டினான். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு சத்தம் அடங்கிவிட்டது. ஒரு மாணவி எழுந்து, “அண்ணா, இன்னொருவாட்டி மெதுவா செஞ்சி காட்டுங்க” என்றாள்.

அவன் இன்னொருமுறை மெதுவாகச் செய்து காட்டினான். பலகையில் நான் முதலில் எழுதிய எண் 108.

ஜெய்பீம்.